தொடரை நாவலாக்க முதலில் காதால் கேளுங்கள்

அறிவியல் புனைவுத் தொடரை நாவலாக்குகிறீர்களா? படத்தைப் பார்க்காமல் எபிசோடின் ஒலியை மட்டும் கேட்டு, கதை பிடிபடாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வர்ணனை வேண்டியது அங்கேதான். உதாரணமாக, சென்னை எண்ணூர் முகத்துவாரத்தில் விண்கலம் இறங்கும் காட்சி என்றால், அது காதுக்கு வெறும் இரைச்சல். கொசஸ்தலையாற்றுத் தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்கியது, காசிமேட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த விசைப்படகு என்ன ஆனது என்பதையெல்லாம் நீங்கள்தான் எழுதியாக வேண்டும். மற்ற இடங்களில் வசனமே கதையை நகர்த்திவிடும். நம் சீரியல்களில் அதற்குக் கேட்கவா வேண்டும்! அரை மணி நேர எபிசோடு, விளம்பரம் போக சுமார் 22 நிமிடம்தான். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரல் போவதற்குள் ஒன்றை முடித்துவிடலாம்.

பின்னணிக் குரலே எல்லாவற்றையும் சொல்லிவிடும் தொடருக்கு இது உதவாது, எந்த இடமும் விட்டுப்போனதாகத் தெரியாது. வசனமே குறைவான தொடர் என்றால் படத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.