பாரசீகர் ஆண்ட பாபிலோனியா: வரியைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரசீகப் பேரரசின் வளமிக்க மாகாணமான பாபிலோனியாவைப் (இன்றைய தெற்கு ஈராக்) பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தரும் ஒரே எண்ணில் தொடங்கி அதிலேயே நின்றுவிடுகின்றனர். பாரசீக மன்னர் முதலாம் டேரியஸ் பேரரசை 20 வரி மண்டலங்களாகப் பிரித்தபோது, அசீரியாவின் எஞ்சிய பகுதியுடன் சேர்ந்த பாபிலோன் ஆண்டுக்கு 1000 தாலந்து வெள்ளியும் ஆண்மை நீக்கப்பட்ட 500 சிறுவர்களும் செலுத்தியதாக அவர் கூறுகிறார். ஒரு தாலந்து ஏறத்தாழ 30 கிலோ என்பதால், இது சுமார் 30 டன் வெள்ளி. ஆயினும் இதை மாகாணத்தின் மொத்தச் சுமையாகக் கொள்வது முதல் தவறு. மன்னருக்கும் படைக்கும் ஆண்டின் 12 மாதங்களில் 4 மாதங்களுக்கான உணவைப் பாபிலோனியாவே வழங்கியது என்றும், ஆளுநரின் வேட்டை நாய்களைப் பராமரித்த 4 பெரிய ஊர்களுக்கு மற்ற வரிகள் விலக்கப்பட்டன என்றும் அதே ஆசிரியர் தமது நூலின் முதற்பகுதியில் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியைப் படிக்காமல் 1000 தாலந்தை மட்டும் எடுத்தாள்வது பாதிக் கணக்கையே தரும்.

ஹெரோடோட்டஸின் அந்த வரி மண்டலப் பட்டியலை அப்படியே முந்தைய பாரசீக மன்னர் சைரஸின் காலத்துக்குப் பொருத்துவதும் பிழையே. கி.மு. 539-இல் பாபிலோனைக் கைப்பற்றிய சைரஸ், இருந்த நிர்வாகத்தைக் கலைக்கவில்லை. தோற்ற பாபிலோனிய மன்னர் நபோனிடஸின் ஆளுநரே சில ஆண்டுகள் பதவியில் நீடித்தார். கி.மு. 535 அளவில் நியமிக்கப்பட்ட குபாரு என்ற ஆளுநரின் அதிகாரம் பாபிலோனோடு நிற்கவில்லை, யூப்ரடீஸ் ஆற்றுக்கு மேற்கேயுள்ள சிரியா, பாலஸ்தீனம் வரை பரவியிருந்தது. ஹெரோடோட்டஸின் பட்டியலிலோ அப்பகுதிகள் 350 தாலந்து செலுத்தும் தனி மண்டலமாக வருகின்றன. கோயில்களின் மீதான அரச கண்காணிப்பும் பாரசீகர் புதிதாகக் கொண்டுவந்ததன்று. உருக் நகரின் ஏயன்னா கோயிலில் அரச அதிகாரிகள் நபோனிடஸ் காலத்திலேயே அமர்ந்திருந்தனர்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வரி என்றாலே களஞ்சியத்துக்குச் செல்லும் வெள்ளியை மட்டும் நினைப்பது. மன்னரின் பிடி நிலத்திலும் நீரிலும்தான் இறுகியிருந்தது. வில்வீரன், குதிரைவீரன், தேர்ப்படையினன் ஆகியோருக்கு அவரவர் பணிக்கேற்ப நிலம் ஒதுக்கப்பட்டது. நிலத்தை வைத்திருப்பவர் அழைப்பு வரும்போது படைக்குச் செல்லவேண்டும், அல்லது அதற்கீடாக வெள்ளி செலுத்தவேண்டும். இவர்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மேற்பார்வையாளர் பொறுப்பாக்கப்பட்டார். பெரிய கால்வாய்களும் மன்னருடையவை. அவற்றின் நீருக்கும் குத்தகை உண்டு. நிலம் வைத்திருந்தவர்களிடம் பேரீச்சையும் பார்லியும் இருந்தன, ஆனால் அரசு கேட்டதோ வெள்ளி. அந்த இடைவெளியில் வளர்ந்ததே நிப்பூர் நகரின் முராஷு குடும்பம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்த இவர்களுடைய நூற்றுக்கணக்கான களிமண் பலகைகள் 1893-இல் அகழ்ந்தெடுக்கப்பட்டன. படைநிலங்களைக் குத்தகைக்கு எடுத்து, உரியவருக்கு வாடகையும் அரசுக்கு வெள்ளியும் கொடுத்து, விளைச்சலை விற்று ஆதாயம் பார்த்தனர்.

இவர்களை வங்கியாளர்கள் என்றோ வெறும் கந்துவட்டிக்காரர்கள் என்றோ எழுதிவிடுவது எளிது, இரண்டுமே பொருந்தவில்லை. இரண்டாம் டேரியஸ் அரியணை ஏறிய கி.மு. 423-ஐ ஒட்டி நிலத்தை அடமானம் வைக்கும் பத்திரங்கள் திடீரெனப் பெருகியதற்குப் படை திரட்டலே காரணம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் எழுதப்பட்ட ஒரு பத்திரத்தில், கதல்-யாமா என்ற யூதர், முராஷு குடும்பத்தவர் ஒருவருக்கும் பங்குள்ள குதிரைவீரனுக்குரிய நிலத்தின் பேரில் தாமே படைப்பணிக்காக உருக் நகருக்குச் செல்ல ஒப்புக்கொள்கிறார்; குதிரை, கவசம், 120 அம்புகள், 2 ஈட்டிகள், வழிச்செலவுக்கு ஒரு மினா (ஏறத்தாழ அரை கிலோ) வெள்ளி ஆகியவற்றை அந்த முராஷு தரவேண்டும். கடன் கொடுத்தவரும் நிலம் வைத்திருந்தவரும் மன்னரின் ஒரே அழைப்புக்குக் கட்டுப்பட்டிருந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆவணத்தை நான் கண்டதில்லை.

கி.மு. 484-இல் பாரசீக மன்னர் செர்க்செஸுக்கு எதிராகப் பாபிலோனியாவில் நடந்த இரு கிளர்ச்சிகளைப் பற்றி எழுதும்போதும் கவனம் தேவை. அவர் பாபிலோனின் தலைமைத் தெய்வமான மர்துக்கின் கோயிலை இடித்து மூலச்சிலையைக் கொண்டுபோனார் என்ற கதை பலமுறை மறுக்கப்பட்ட பின்னும் உலவுகிறது. ஹெரோடோட்டஸ் குறிப்பிடுவது ஒரு பொற்சிலையை அவர் எடுத்ததைத்தான், அதுவும் மர்துக்கின் சிலை அன்று. அந்த ஆண்டோடு பாபிலோன், போர்சிப்பா, சிப்பார் நகரங்களின் பழைய குடும்பங்களுடைய ஆவணத் தொகுப்புகள் பல நின்றுபோனது உண்மை. அதைக் கொண்டு மாகாணமே வறண்டுபோனதாக எழுதக்கூடாது. வலிமை இழந்தவர்கள் கோயிலையும் நகர நிர்வாகத்தையும் பரம்பரையாகக் கையில் வைத்திருந்தவர்கள். முராஷுக்களின் செழிப்பு இதற்குப் பின் வந்ததே. அவர்களின் பத்திரங்களில் அரசி பரிசாத்திஸின் நிலங்களும் எகிப்தின் ஆளுநர் அர்சாமெஸின் நிலங்களும் பாபிலோனிய மண்ணிலேயே காணப்படுகின்றன. இந்த நிலங்களிலிருந்து போன வருவாய் எந்தத் தாலந்துக் கணக்கிலும் இல்லை.