கோலார் தங்கவயலுக்குப் போன மூதாதையரைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் தம் வம்சாவளி வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். தங்கவயலில் வேலை செய்த கொள்ளுத்தாத்தாவுக்கு மேலே நான்கு தலைமுறை, ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆவண எண். இரண்டாம் தலைமுறையைத் தாண்டியதுமே எனக்கு மனம் கனத்தது. பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழையை அவரும் செய்திருந்தார்.

ஜான் டெய்லர் நிறுவனம் 1880-இல் கோலாரில் சுரங்கப் பணியைத் தொடங்கியது. அதன்பின் வட ஆற்காடு, சேலம் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே சென்று, மாரிக்குப்பத்திலும் உரிகத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடியேறினர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பலர் பூர்வீக ஊரைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள், பழைய தாள்களைப் படமெடுத்து வையுங்கள் என்பவற்றை இங்கே நான் விரித்துச் சொல்லப்போவதில்லை.

பெயரும் ஊரும் பொருந்தினால் போதும் என்று நம்புவது

இந்த ஒரு தவறு என் வாழ்வில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளைத் தின்றது. பாட்டி சொல்லி எனக்குத் தெரிந்தவை மூன்று: கொள்ளுத்தாத்தாவின் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், குடியாத்தத்துக்கு அருகில் ஒரு சிற்றூர். அந்த மூன்றும் அப்படியே பொருந்தும் கிரயப் பத்திரம் ஒன்றைப் பழைய பதிவுகளில் கண்டபோது, தேடல் முடிந்துவிட்டதாகவே எண்ணினேன். அந்தப் பத்திரத்தில் கண்ட நிலத்தைப் பிடித்துக்கொண்டு மேலே மூன்று தலைமுறை ஏறினேன், உறவினர்களுக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தேன். கடைசியில் அந்த ஊருக்கே போனபோது, திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்குக் குலதெய்வம் எது தம்பி?" என்பதுதான். நான் சொன்னதும் தலையை அசைத்தார். "அந்த நிலத்துக்காரர் வகையறா வேறு, உங்கள் வகையறா வேறு. இரண்டு பேருக்கும் பங்காளி உறவே கிடையாது" என்றார்.

வீட்டுக்குத் திரும்பிப் பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, சுரங்கத்தில் பணம் பெற்றுக்கொண்டதற்காகக் கொள்ளுத்தாத்தா ஒப்பமிட்ட பழைய ரசீதை எடுத்துப் பார்த்தேன். மை பழுத்துப் போயிருந்தாலும், வளைந்து நீண்ட எழுத்துகளில் அவருடைய தமிழ்க் கையெழுத்து தெளிவாக இருந்தது. கிரயப் பத்திரத்தில் இருந்ததோ இடது பெருவிரல் ரேகை. இரண்டும் தொடக்கத்திலிருந்தே என் கையில் இருந்தன, நான் ஒரு முறைகூட அருகருகே வைத்துப் பார்க்கவில்லை.

இந்தத் தவறு ஏன் திரும்பத் திரும்ப நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் அவன் பெயரன். மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயரை இடும் குடும்பத்தில், தகப்பன் பெயர், மகன் பெயர் என்ற அதே இணை ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை மறுபடியும் வரும். ஆகவே ஏறத்தாழ ஐம்பது ஆண்டு இடைவெளியில் இருக்கும் இருவரை ஆவணம் ஒரே ஆளாகக் காட்டும். அண்ணன் தம்பி மூவரும் தத்தம் மூத்த மகனுக்குத் தங்கள் தகப்பனார் பெயரையே வைத்தால், ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று இளைஞர்கள் இருப்பார்கள். போதாக்குறைக்கு, முனியீஸ்வரன் காவல் காக்கும் ஊரில் உறவே இல்லாத வீடுகளிலும் முனுசாமிகளும் முனியம்மாள்களும் நிறைந்திருப்பார்கள். பெயருக்கு முன்னால் இருக்கும் ஒற்றை எழுத்தையும் நம்ப முடியாது. அது தகப்பன் பெயரின் முதலெழுத்தாகவும் இருக்கலாம், ஊர்ப் பெயரின் முதலெழுத்தாகவும் இருக்கலாம்.

அதனால் இப்போது நான் பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றையும் ஒரே சான்றாகத்தான் எண்ணுகிறேன். அதற்கு மேல் குலதெய்வம், மனைவியின் தாய்வீட்டு ஊர், உடன்பிறந்தோர் பெயர், அந்த ஆண்டில் அவருக்கு இருந்திருக்கக்கூடிய வயது, கையெழுத்தா கைநாட்டா என்பது ஆகியவற்றில் குறைந்தது இரண்டேனும் பொருந்தும் வரை ஒருவரையும் வரைபடத்தில் ஏற்றுவதில்லை. இவற்றுள் குலதெய்வத்துக்கே முதலிடம் தருவேன். ஊர் மாறினாலும் வேலை மாறினாலும், குழந்தைக்கு மொட்டையடிக்கக் குடும்பம் திரும்பிச் சென்ற கோயில் பெரும்பாலும் மாறுவதில்லை.

பழைய மாவட்டத்தை இன்றைய வரைபடத்தில் தேடுவது

"வட ஆற்காடு ஜில்லா" என்று பார்த்தவுடன் வேலூருக்குப் பேருந்து ஏறிவிடுகிறார்கள். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது பலமநேர், சந்திரகிரி உள்ளிட்ட வட்டங்கள் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து சென்றன. எனவே 1905-ஆம் ஆண்டுத் தாளில் வட ஆற்காடு என்று இருக்கும் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கக்கூடும். எஞ்சிய வட ஆற்காடு 1989-இல் இரண்டாகவும், அதில் ஒரு பகுதியான வேலூர் 2019-இல் மூன்றாகவும் பிரிந்தன. சேலத்திலிருந்து 1965-இல் தருமபுரியும், தருமபுரியிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்களாயின. முதலில் தாளின் ஆண்டைப் பாருங்கள், அந்த ஆண்டின் மாவட்ட எல்லையைப் பாருங்கள், அதன் பிறகு ஊரைத் தேடுங்கள். சுரங்கம் மைசூர் சமஸ்தானத்திலும் ஊர் சென்னை மாகாணத்திலும் இருந்ததால், ஒரே குடும்பத்தின் தாள்கள் இரண்டு அரசுகளிடம் சிதறிக் கிடக்கின்றன என்பதும் நினைவில் இருக்கட்டும்.

முதல் குழந்தையின் பிறப்பைத் தகப்பன் ஊரில் தேடுவது

தலைப்பிரசவம் தாய்வீட்டில். மனைவியின் ஊரில் தேடுங்கள்.

குடிக்கணக்கில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்) தாத்தாவின் பெயரைக் கேட்டு அலைவது

கிடைக்காது. தனி நபர் விவரங்களைக் காட்டக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டமே தடுக்கிறது.

ஒரு மனிதருக்கு ஒரே பெயர்தான் என்று கொள்வது

தங்கவயலில் தேவாலயங்கள் பல இருந்தன. அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கும் மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. சமயம் மாறியவர்கள் புதிய பெயர் பூண்டார்கள், ஊரிலோ பழைய பெயரே வழங்கியது. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரும் பட்டாவில் இன்னொரு பெயரும் இருந்தால், இருவர் என்று உடனே பிரித்துவிடாதீர்கள். மனைவி, பிள்ளைகளின் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம்மவரை மட்டும் தேடுவது

ஓர் ஊரிலிருந்து முதலில் போனவர் அடுத்தடுத்துத் தம் உறவினரையும் ஊராரையும் அழைத்துக்கொண்டார், அவர்களும் முடிந்தவரை அக்கம்பக்கத்து வீடுகளிலேயே தங்கினார்கள். உங்கள் தாத்தாவின் ஊர் உங்கள் வீட்டில் மறந்துபோயிருந்தாலும், அதே லைனில் நான்கு வீடு தள்ளி இருந்த குடும்பத்தில் யாரேனும் ஒருவர் அதை நினைவில் வைத்திருக்கலாம். அந்த இளைஞரிடம் வரைபடத்தை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு, அவருடைய பாட்டியின் திருமணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் இப்போது அவர்களுடைய பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.