வர்ணனைக்கு வர ஆசைப்படுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

"குரல் நல்லா இருக்கு, வர்ணனைக்கு வரலாமா?" என்று கேட்டு வாட்ஸ்அப்பில் வரும் ஆடியோக்கள் எல்லாம் ஒரே அச்சு: கடைசி ஓவர், கடைசிப் பந்து, சிக்ஸர், தொண்டை கிழியக் கத்தல். அங்கே யார் வேண்டுமானாலும் கத்தலாம். மதிய வெயிலில் இரண்டு ஸ்பின்னர்கள் கட்டிப்போட்டு ஓவருக்கு இரண்டு ரன் வருகிறதே, அந்த நேரத்தில் கேட்கிறவரை எழுந்து போகவிடாமல் வைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது, நாற்காலி மாறி உட்காருவது. 2017-ல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்த பிறகு ஸ்ரீகாந்த், பத்ரிநாத் பேச்சைக் கேட்டுக் கேட்டு, அவர்களைப் போலவே பேசிப் பழகுகிறார்கள். அவர்கள் இந்தியாவுக்கு ஆடியவர்கள். "இந்த பிட்ச்ல இந்த ஷாட் ஆடவே கூடாது" என்று சொன்னால் எடுபடும். நீங்களும் நானும் சொன்னால், "நீ எத்தனை மேட்ச் ஆடியிருக்க?" என்பார்கள். ஆடாதவருக்கான இடம் பக்கத்து நாற்காலி, அதாவது என்ன நடக்கிறது என்று சொல்லி, ஏன் நடந்தது என்று நிபுணரிடம் கேள்வி போடுகிறவருடையது. அந்தக் கேள்வி கேட்கும் பயிற்சியைத்தான் யாரும் எடுப்பதில்லை.

டிவிக்கும் வானொலிக்கும் ஒரே பேச்சு பேசுவதும் தவறு. அப்துல் ஜப்பாரின் வானொலி வர்ணனையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், மைதானமே அந்தப் பேச்சுக்குள் இருக்கும். டிவியில் பந்து பவுண்டரிக்குப் போவதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதையே நீங்களும் சொல்வானேன்? வானொலியில் என்றால் ஸ்கோரைச் சலிக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர், ஸ்கோர் சொல்ல மறக்கக் கூடாதென்று முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் மூன்று நிமிட மணல் கடிகாரத்தைப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

விதி தெரியாமல் மைக் பிடிப்பதைப் பற்றி நானே சொல்லலாம். ஒரு ஊர்க் கபடிப் போட்டியில் ரெய்டர் போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் காலை வைத்ததும் "போனஸ்!" என்று அலறிவிட்டேன். வேட்டியை மடித்துக் கட்டி ஓரமாக நின்ற பெரியவர் ஒருவர், ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்து ஐந்து விரலைக் காட்டினார். எதிரணியில் நின்றது ஐந்தே பேர். ஆறு பேராவது இருந்தால்தானே போனஸ்? கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து வாயைத் திறக்கும் முன் தலைகளை எண்ணிவிடுவேன்.

பெயர் உச்சரிப்பும் அப்படித்தான். ஃபசல் அத்ராச்சலி மாதிரி ஈரான் கபடி வீரர் பெயரை மட்டுமல்ல, பக்கத்து ஊர்ப் பையன் பெயரையும் ஆட்டத்துக்கு முன்னால் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் எதற்கு?

அப்புறம், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே காதுக்குள் டைரக்டர் "ரீப்ளே வருது, பத்து செகண்ட்ல விளம்பரம்" என்பார். புதியவர்கள் அப்படியே வாயடைத்துப் போகிறார்கள், இல்லையென்றால் "சரி சார்" என்று மைக்கிலேயே பதில் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் டிவியை மியூட்டில் போட்டு, ஒரு காதில் இயர்போனில் செய்தி ஓடவிட்டு, ஆட்டத்தைச் சொல்லிப் பழகுங்கள். முதல் வாரம் உளறல்தான்.

ஐபிஎல் காட்சியை எடுத்து உங்கள் குரலைச் சேர்த்து யூடியூப்பில் போடாதீர்கள், காப்பிரைட் ஸ்ட்ரைக் வரும், அது சேர்ந்துகொண்டே போனால் சேனலே போய்விடும். உள்ளூர் ஆட்டத்தை, நடத்துகிறவர்களிடம் கேட்டுவிட்டு நீங்களே படம் பிடியுங்கள். மைக்தான் வேண்டும் என்று அடம் பிடிக்காமல் ஸ்கோரர், கிராஃபிக்ஸ், ரீப்ளே என்று எந்த வேலை கிடைத்தாலும் உள்ளே போய்விடுங்கள். மைக்கில் இருப்பவருக்கு என்ன தேவைப்படுகிறது என்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

டெமோ அனுப்பும்போது அரை மணி நேரத்தை அப்படியே அனுப்பாதீர்கள். மூன்று நிமிடம் போதும், அதில் ஒரு நிமிடமாவது விக்கெட்டே விழாத நேரமாக இருக்கட்டும். ஃபைலுக்கு 'நியூ ஆடியோ 7' என்று பெயர் வைக்காமல் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் போடுங்கள்.