பதின்வயதினருக்குப் புத்தகம் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி ஆண்டுவிழாக்களில் பரிசாகக் கொடுக்கப்படும் புத்தகங்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே தலைப்பில் கட்டுக்கட்டாகப் பிரதிகள்: தலைவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு, இல்லையென்றால் முன்னேற வழி சொல்லும் அறிவுரை நூல். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி கூடுதல், வேலையும் எளிது. ஆனால் அதைப் படிக்க வேண்டிய பதினான்கு வயதுப் பிள்ளையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இலவசமாகப் புத்தகம் கொடுப்பதில் நேரும் மிகப் பெரிய தவறு இதுதான் என்பது என் கருத்து.

சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்தளித்த ஐந்து நூலக விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்கிறது. இதைச் செய்ய அதிகச் செலவு ஆகாது. பரிசுத் தொகையைக் கூப்பனாகக் கொடுத்து, மாவட்டப் புத்தகக் காட்சிக்கு அழைத்துச் செல்லலாம். வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடி அங்கேயும் உண்டு. அது முடியாத ஊர்களில், பலவகைத் தலைப்புகளை மேசையில் பரப்பிவைத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு தங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் விடுங்கள். பேய்க்கதையோ, கிரிக்கெட் வீரரின் கதையோ, சிவகாசி காமிக்ஸோ, எதை வேண்டுமானாலும் எடுக்கட்டும். “போயும் போயும் இதையா எடுத்தாய்?” என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த முறை நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

வகுப்பை மட்டும் பார்த்துப் புத்தகம் வாங்குவதும் தவறு. ஒரே எட்டாம் வகுப்பில் சரளமாகப் படிப்பவரும் இருப்பார், எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் இருப்பார். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் தன் நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாகப் பிரித்தது நல்ல முன்மாதிரி. மெதுவாகப் படிக்கும் பையனிடம் முயல், ஆமை படம் போட்ட குழந்தைக் கதையைக் கொடுத்தால் நண்பர்கள் முன்னிலையில் கூசிப்போவான். அவனுக்குத் தேவை சின்னப் புத்தகம், எளிய தமிழ், ஆனால் அவன் வயதுக்கேற்ற கதை. பல பாகங்கள் கொண்ட நாவலில் முதல் பாகத்தை மட்டும் நன்கொடையாகக் கொடுப்பவர்களும் உண்டு. கதை சூடுபிடிக்கும் இடத்தில் அடுத்த பாகத்துக்கு அந்தப் பிள்ளை எங்கே போவாள்?

பள்ளிக்குக் கொடுக்கும்போது இன்னொரு சிக்கல் இருக்கிறது. நூல்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டால், ஒன்று தொலைந்தாலும் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டிவரும். அதனால்தான் பல பள்ளிகளில் பீரோவைப் பூட்டிச் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கொடுப்பவர்தான் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, இவை பிள்ளைகளுக்கே சொந்தம், கணக்குக் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வகுப்பறையில் திறந்த அலமாரியில் வையுங்கள். சில தொலையும், சில கிழியும். அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் இடத்தை அடைக்கும் பழைய கைடுகளைக் கொண்டுபோய்க் கொட்டுவது நன்கொடையில் சேராது.

இப்போது விற்பனையில் இருக்கும் நூல்களை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவதையும் நிறுத்த வேண்டும். எழுத்தாளருக்குச் சேர வேண்டிய சொற்ப வருமானமும் அதனால் போகிறது. முறையாகவே இலவசமாகக் கிடைப்பவை ஏராளம். மதுரைத் திட்டம் என்னும் தன்னார்வ முயற்சி 1998 முதல் தமிழ் நூல்களை மின்வடிவில் தந்துவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இருக்கின்றன.

புத்தகம் கைமாறிய பிறகு செய்யும் தவறும் ஒன்று உண்டு. “கதைச்சுருக்கம் எழுதிக் கொண்டுவா”, “என்ன நீதி கற்றுக்கொண்டாய்?” என்று கேட்ட உடனே அது இன்னொரு பாடநூலாகிவிடுகிறது. பாதியில் மூடி வைத்தால் காரணம் கேட்டுத் துளைக்காமல் வேறொன்றைக் கொடுங்கள். முடிந்தால் பிள்ளை படித்ததை நீங்களும் படியுங்கள். எந்தப் பாத்திரத்தின் மேல் கோபம் வந்தது என்று பேச்சு தொடங்கினால், பதின்வயதுப் பிள்ளைகள் மணிக்கணக்கில் பேசுவார்கள்.