பேட்டரிக் கட்டைகளை மொத்தமாக வாங்கலாமா?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலக்காய்த் தோட்ட வீடுகளில், இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்பாக மலையடிவாரத்துக் கம்பம் ஊருக்கு இறங்கிப் பலசரக்கு வாங்கும்போது பேட்டரியையும் பெட்டிக் கணக்கில் வாங்கி வைப்பவர்கள் உண்டு. இடுக்கி அணை நீரைக் கொண்டு மூலமற்றத்தில் 780 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கும் மாவட்டமே ஆனாலும், கம்பியில் ஒரு மரம் சாய்ந்துவிட்டால் இரவு முழுவதும் டார்ச்சைத்தான் நம்பியிருக்க வேண்டும் என்பதால், அந்த முன்னேற்பாட்டைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால், கட்டை ஒன்றுக்கு எத்தனை ரூபாய் குறைகிறது என்பதை மட்டும் பார்த்துப் பெட்டியை வாங்குவது பல நேரங்களில் நட்டத்திலேயே முடிகிறது.

முதலில், வீட்டில் ஓராண்டுக்கு எத்தனை கட்டை தீர்கிறது என்பதை அளவுவாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். சுவர்க் கடிகாரத்துக்கு ஆண்டுக்கு ஒரு ஏஏ கட்டை ஏறக்குறையப் போதும். தொலைக்காட்சி ரிமோட்டுக்கு இரண்டு ஏஏஏ ஓராண்டுக்கு மேலும் தாங்கும். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி பெரும்பாலும் நான்கு கட்டைகளைக் கேட்கும். குழந்தைகளின் மோட்டார் பொம்மைதான் எல்லாவற்றையும் விட வேகமாகத் தின்னும். பொம்மையில் ஓய்ந்துபோன கட்டையைத் தூக்கி எறியாமல் கடிகாரத்தில் போட்டால் அங்கே இன்னும் சில மாதங்கள் ஓடும் என்பதையும் கணக்கில் சேர்த்தால், நினைத்ததைவிடத் தேவை குறைவு என்பது தெரியவரும்.

இப்போது விலையைப் பார்ப்போம். உதிரியாக 22 ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணக் கட்டை, 40 கொண்ட பெட்டியாக வாங்கினால் 18 ரூபாய்க்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் விலை 720 ரூபாய். வீட்டில் ஆண்டுக்கு 14 கட்டைகள் தீர்ந்து, இரண்டாண்டில் மீதிச் சரக்கு வலுவிழந்துவிட்டால், பயன்பட்டவை 28 மட்டுமே. அப்படியானால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 ரூபாய் 70 காசுக்கு வாங்கியதாக ஆகிறது. கடைக்காரர் தந்த தள்ளுபடியைப் பரணில் கிடந்த பன்னிரண்டு கட்டைகள் விழுங்கிவிட்டன.

ஆகவே, எத்தனை நாள் தாங்கும் வகை என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. துத்தநாகக் கார்பன் வகை பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளே நல்ல நிலையில் இருக்கும். அதில் துத்தநாகக் கூடே மின்வேதி வினையில் கரைந்து மெலிவதால், தீர்ந்த பிறகும் கருவிக்குள் விட்டுவைத்தால் ஒழுகுவதற்கு வாய்ப்பு அதிகம். ஆல்கலைன் வகையோ ஐந்து முதல் பத்தாண்டு வரை கெடாமல் இருக்கும். அதுவும் ஒழுகக்கூடியதுதான் என்றாலும், சேமித்து வைப்பதற்கு அதுவே ஏற்றது. ஏஏ கட்டையின் மேல் ஆர்6 (R6) என்று மட்டும் இருந்தால் முதல் வகை, எல்ஆர்6 (LR6) என்றிருந்தால் ஆல்கலைன். பளபளப்பான அட்டையில் எழுதியிருக்கும் பெருமைகளைவிட அந்த ஓர் எழுத்தை நம்பலாம். வாங்கும்போது தயாரிப்பு மாதத்தையும் காலாவதித் தேதியையும் பார்க்காமல் பெட்டியைத் தொடவே கூடாது. மொத்த விலை மலிவாக இருப்பதற்குப் பழைய சரக்கு என்பதே காரணமாக இருக்கக்கூடும்.

பொம்மை, டார்ச் போன்றவற்றுக்கு மாதந்தோறும் கட்டை மாற்றும் வீடாக இருந்தால், பெட்டி வாங்குவதை விட்டுவிட்டு, மறுபடி ஏற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டைகள் நான்கையும் ஒரு சார்ஜரையும் வாங்குவதே நல்லது. அவற்றின் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான் என்றாலும் பெரும்பாலான கருவிகள் அதில் ஓடும். சாதாரண ஏற்றுக்கட்டை சும்மா கிடந்தாலே சில மாதங்களில் இறங்கிவிடும் என்பதால், தானாக இறங்குவது குறைந்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மழைக்கு முன்பே ஏற்றி வைக்கவும் வேண்டும். டார்ச்சுக்கான பெரிய டி அளவுக் கட்டைகளைப் பெட்டியாக வாங்குவதற்கு இன்று எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை; சார்ஜ் செய்யும் எல்இடி டார்ச் வந்த வீட்டில் அவை துருப்பிடிக்கவே காத்திருக்கின்றன.

வைக்கும் இடமும் முக்கியம். மலைமேல் குளிர்ச்சி கட்டைக்கு நல்லது, ஈரமோ முனைகளைத் துருவாக்கும். கம்பம், கூடலூர் வெயிலில் ஈரம் குறைவு, ஆனால் சூடு அதன் ஆயுளைக் குறைக்கும். மேலே இருப்பவர்கள் மூடி இறுகிய டப்பாவில் அட்டையைப் பிரிக்காமல் வைக்கலாம். தீப்பெட்டியைப் போல அடுப்புக்கு மேலே வைக்கக் கூடாது. குளிர்சாதனப் பெட்டியிலும் வேண்டாம், வெளியே எடுக்கும்போது நீர் கோத்துக்கொள்ளும். 9 வோல்ட் சதுரக் கட்டையின் முனைகளில் மற்றக் கட்டையோ சாவியோ பட்டால் சூடேறித் தீப்பிடிக்கலாம். பொத்தான் கட்டைகளைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கும் என்பதால், அவற்றை வேண்டியபோது ஒன்றொன்றாக வாங்குவதே போதும்.

பெட்டி விலையும் வேண்டும், தேவையும் குறைவு என்றால், குடும்பஸ்ரீ அயல்கூட்டம் என்னும் அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவிலோ தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகளுக்குள்ளோ மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு ஆல்கலைன் பெட்டியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். பங்கு பிரிக்கும்போதே, தீர்ந்த கட்டைகளை வீடுவீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனாவினர் எப்போது எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டால், அவை ஏலச்செடியின் அடியிலோ ஓடையிலோ போய்ச் சேராது.