எல்போ கிரீஸ்: வாக்கியத்தில் சரியாகச் சொல்வது எப்படி?

பெரம்பூர் ரயில்வே பட்டறை முதல் காசிமேடு விசைப்படகு வரை, கிரீஸ் என்றால் டப்பாவில் வருவதுதான். இங்கிலீஷில் ‘எல்போ கிரீஸ்’ என்று காதில் விழுந்தால் டப்பாவைத் தேடாதீர்கள். கை வலிக்கத் தேய்ப்பது, துடைப்பது, பாலிஷ் போடுவது போன்ற உடல் உழைப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 1672-லேயே ஆண்ட்ரூ மார்வெல் என்ற ஆங்கிலக் கவிஞர் இதை எழுதியிருக்கிறார்.

படி 1: வேலை பொருந்துகிறதா, பாருங்கள்

கறுத்துப்போன பித்தளைக் குத்துவிளக்கைப் புளியில் ஊறப்போட்டாலும், திரிக்குழியிலும் தண்டின் வளையங்களிலும் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே நிற்கும். தேங்காய் நாரை வைத்து அழுத்தித் தேய்த்தால்தான் போகும். அந்த அழுத்தம்தான் எல்போ கிரீஸ். வாஷிங் மெஷின் துவைத்தால் அது சேராது. கண்விழித்துப் பரீட்சைக்குப் படிப்பதும் சேராது. அதற்கு ‘பர்னிங் த மிட்நைட் ஆயில்’ என்று வேறு வழக்கு இருக்கிறது.

படி 2: அளவைச் சேருங்கள்

இது எண்ண முடியாத பெயர்ச்சொல். முன்னால் ‘அன்’ வராது, கடைசியில் ‘எஸ்’ ஒட்டாது. ‘சம்’, ‘எ பிட் ஆஃப்’, ‘எ லாட் ஆஃப்’ இவற்றில் ஒன்று போதும்.

படி 3: வினைச்சொல்லைப் பொருத்துங்கள்

அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். ‘வேலை செய்தேன்’ என்று பழகிய வாய்க்கு ‘ஐ டிட் எல்போ கிரீஸ்’ என்றுதான் வரும். அது தவறு. ‘யூஸ்’, ‘நீட்’, ‘டேக்’, ‘புட்’ இந்த நான்கையும் பழகிக்கொள்ளுங்கள்.

‘திஸ் லாம்ப் நீட்ஸ் எ பிட் ஆஃப் எல்போ கிரீஸ்.’ இந்த விளக்கைக் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கணும்.

ராயபுரம் கடற்காற்றில் துருப்பிடித்த இரும்பு கேட்டை உப்புத்தாள் போட்டுச் சுரண்டி முடித்தபின்: ‘இட் டுக் எ லாட் ஆஃப் எல்போ கிரீஸ் டு ரிமூவ் த ரஸ்ட்.’

‘ஐ யூஸ்டு சம் எல்போ கிரீஸ்.’ நான் நல்லா அழுத்தித் தேய்ச்சேன்.

‘புட் சம் எல்போ கிரீஸ் இன்டு இட்!’ என்பது ‘இன்னும் அழுத்தித் தேய்!’ என்ற அதட்டல். தம்பியிடம், கூட்டாளியிடம் சொல்லலாம். மேலதிகாரியிடமோ பெரியவர்களிடமோ வேண்டாம், மரியாதைக் குறைவாகப் படும்.

படி 4: இடம் அறியுங்கள்

இது பேச்சு வழக்கு. பயோடேட்டாவிலும் இன்டர்வியூவிலும் ‘ஹார்ட் வொர்க்’ என்றே சொல்லுங்கள்.