பழைய சீருடையில் ராணுவ அதிகாரியை வரைகிறீர்களா? இங்கேதான் சறுக்கும்

பழங்கால ராணுவ அதிகாரியை வரைபவர்கள் பெரும்பாலும் முகத்துக்குத்தான் மெனக்கெடுகிறார்கள். விஷயம் தெரிந்தவர் கண்ணோ நேராகக் காலருக்கும் பொத்தானுக்கும் போகும்.

ஆண்டை முடிவு செய்யாமல் தூரிகையை எடுப்பதுதான் பெரிய தவறு. 'நெப்போலியன் காலம்' என்று பொத்தாம்பொதுவாக வைத்துக்கொண்டால் போதாது. 1812-இல் ஸ்பெயினில் நிற்கும் பிரிட்டிஷ் அதிகாரியின் மார்பில் வாட்டர்லூ பதக்கம் தொங்க முடியாது. வாட்டர்லூ போர் நடந்ததே 1815-இல்தான். பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனை 1812-இல் நேரில் பார்த்து வரைந்த ஸ்பானிய ஓவியர் கோயாவே, பிறகு கிடைத்த விருதுகளைச் சேர்க்க 1814-இல் படத்தைத் திருத்த வேண்டியிருந்தது. தோளில் ஜரிகைக் குஞ்சத்தோடு இருக்கும் எப்பாலெட்டும் அப்படித்தான். பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரிகளுக்கு அது 1855-இல் போய்விட்டது. 1870-ஆம் ஆண்டுக் கேப்டனுக்கு அதை மாட்டினால் கதை கந்தல்.

பழைய புகைப்படத்தைப் பார்த்து வரைபவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். டாகரோடைப், டின்டைப் எனப்படும், உலோகத் தகட்டில் நேரடியாகப் பதிந்த அக்காலப் படங்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருக்கும். வாள் வலது இடுப்பில் தெரியும், கோட்டு எதிர்ப்பக்கமாக மூடியிருக்கும். சரி, திருப்பிவிட்டால் ஆயிற்று என்று நினைக்காதீர்கள். இது தெரிந்தே வாளை இடம் மாற்றி மாட்டிக்கொண்டு படமெடுத்தவர்களும் உண்டு. பெல்ட் பக்கிளில் எழுத்து இருந்தால் அதை வைத்துத் திசையை முடிவு செய்யுங்கள்.

நிறத்திலும் அந்தப் படங்கள் ஏமாற்றும். அக்காலத் தகடுகள் நீல ஒளியை நன்றாகப் பிடித்தன, சிவப்பைப் பிடிக்கவில்லை. அதனால் நீலம் வெளிறியும், செக்கச்சிவந்த கோட்டு கிட்டத்தட்டக் கறுப்பாகவும் தெரியும். சாம்பல் நிற அளவை வைத்து நிறத்தை ஊகிப்பது வீண் வேலை.

அப்புறம் பொத்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் கர்னல் கோட்டில், வரிசைக்கு ஏழு பொத்தான்கள் சம இடைவெளியில் இருக்கும். பிரிகேடியர் ஜெனரலுக்கு இரண்டிரண்டாக, மேஜர் ஜெனரலுக்கு மும்மூன்றாக. அழகுக்காக இடைவெளியைச் சமமாக்கினால், பாவம், ஜெனரலைக் கர்னலாக இறக்கிவிட்டீர்கள்!

சிப்பாயின் சிவப்பை அதிகாரிக்குப் பூசுவதும் பலர் செய்வது. பிரிட்டிஷ் அதிகாரியின் துணி உயர்ந்த ரகம், சாயமும் பளிச்சென்ற செந்நிறம், சிப்பாயுடையது மங்கல். சினிமா உடைகளை மாதிரியாக வைக்கவே வேண்டாம். அருங்காட்சியகத்தில் இருக்கும் அசல் கோட்டின் படம் கிடைத்தால், முதுகுப்பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.